பின்கட்டில் பேசியது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடி என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

திடீரென்று என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னோடு பேச ஆரம்பித்தால் அப்பா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு குரலே போய்விட்ட மனுஷன் முன்னால் வளவளவென்று பேச எனக்கு என்னவோ போல இருக்கிறது. நீயும் போனில் 'ம்', 'சரி', 'அப்புறம்' என்ற மூன்றைத் தாண்டுவதில்லை. எழுதினால் உன்னிடமிருந்து முழு வாக்கியம் வரும், அவரும் எடுத்துப் படிக்கலாம். படித்து முடித்ததும் உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுவேன், அதனால் பார்த்து எழுது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சிலேட்டை அவர் இப்போது தொடுவதில்லை. இரண்டு வார்த்தை எழுதி முடிப்பதற்குள் அம்மா நான்கு பதில் சொல்லிவிடுகிறாள். அவர் பங்கையும் சேர்த்துப் பேசுவது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். "உங்கப்பாவுக்கு இப்பப் பசிக்காது"ன்னு அவளே முடிவு பண்ணிக்கிறா, அவரு பாவம் தட்டைப் பாத்துட்டு நிக்கிறாரு.

ஒரு நல்ல செய்தி. என் பழைய கம்ப்யூட்டரை அவருக்குக் கொடுத்துவிட்டேன். பெருவிரல் அளவு எழுத்தாக வைத்துக்கொண்டு காலையிலிருந்து எதையோ அடித்துக்கொண்டே இருக்கிறார். கிட்டே போனால் செய்தித்தாளை எடுத்துத் திரையை மூடுகிறார். சில நேரம் தோள் குலுங்குகிறது, சிரிக்கிறார் என்று அர்த்தம். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தோள் குலுங்கி நான் பார்த்ததில்லை. என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குப் பல் லேபில் வேலை குவிந்து கிடக்கிறது. மெழுகில் செயற்கைப் பல்லைச் செதுக்கிச் செதுக்கி, யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் போய்விட்டது. அப்பா சிரிக்கிறார் என்று படித்ததும் எனக்கும் சந்தோஷம். அம்மாவிடம் அவருக்குப் பசிக்கும் என்று சொல்.

முழு வாக்கியம் கேட்டாய், இந்தா. கடையில் என்னை இன்னும் அதே கவுண்டரில்தான் வைத்திருக்கிறார்கள். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் கவுண்டர். முந்தாநாள் ஒருவர் தேய்ந்துபோன செருப்பைக் கொண்டுவந்து, "அளவு சரியில்லை" என்று ஆடினார். நான் சிரித்த முகமாக "மன்னிக்கணும் சார்" என்று சொல்ல வேண்டும். தப்பித் தவறி முகம் சுளித்தால் மேலே கேமரா இருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வந்தால் நான் வேறு ஆள். நான் ஒரு தீவு விளையாட்டு ஆடுவேன் என்று சொல்லியிருக்கிறேனே. ஆளுக்கொரு தீவு, அதில் பாலம், கால்வாய், விளக்கு எல்லாம் கட்ட வேண்டும். அதை ஆடுகிற நம் ஆட்கள் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. போன வருடம் என்னை அங்கே மட்டுறுத்துனர் ஆக்கினார்கள். சண்டை போடுகிறவனை அடக்குவது, விதியை மீறினால் தடை போட்டு அவன் தீவையும் பூட்டுவது, இதுதான் வேலை. சம்பளம் கிடையாது. அங்கே என் பெயர் சுத்தியல். பெயரைப் பார்த்தாலே பயல்கள் அடங்கிவிடுவார்கள்.

மட்டுறுத்துனர்கள் ஐந்து பேருக்கு மட்டும் ஓர் அறை உண்டு, உறுப்பினர் கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பின்கட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். யாருடைய பதிவிலாவது வம்பு இருந்தால் அதைப் பின்கட்டுக்கு இழுத்துவந்து, கீழேயே பேசி முடிவெடுப்போம். பேச்சில் பாதி நக்கல்தான், பொழுது நன்றாகப் போகும்.

சமீபத்தில் ஓர் ஆள் வந்து சேர்ந்தார் பார். எது எழுதினாலும் 'ஐயா / அம்மையீர்' என்று ஆரம்பித்து, 'பொருள்: பாலம் தண்ணீரில் மூழ்குவது தொடர்பாக' என்று போட்டு, கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' வரைக்கும் முடிப்பார். நாங்கள் அவருக்கு ஐயா அம்மையீர் என்றே பட்டம் வைத்துவிட்டோம். வருஷக்கணக்காக யாருமே பதில் போடாத கேள்விகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறார். கேட்டவன் எப்போதோ போய்விட்டான். ஆனால் புதிதாக ஒரு பதில் விழுந்தால் அந்தப் பழைய கேள்வி முதல் பக்கத்துக்கு வந்துவிடும், இன்றைக்குக் கேட்டவனின் கேள்வி அடியில் போய்விடும். எல்லாரும் கத்தினார்கள். எச்சரிக்கை கொடுத்தோம். அதற்கும் 'பார்வை: தங்கள் எச்சரிக்கை' என்று இரண்டு பக்கம் பதில் வந்தது. பின்கட்டில் அதை வைத்துக்கொண்டு நாங்கள் அடித்த கூத்தில் எனக்கு வயிறே வலித்துவிட்டது. கடைசியில் போன வாரம் நான்தான் ஒரே அடியாகத் தடை போட்டேன்.

இதை அப்பாவுக்குக் கட்டாயம் படிக்கக் கொடு. ஆபீஸ் ஆசாமி கதை என்பதால் ரசிப்பார்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுக்கவில்லை. இன்னும் தபால் வரவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போய்விட்டு வருகிறார்.

கம்ப்யூட்டரைத் தொடுவதை நிறுத்திவிட்டார். செய்தித்தாள் அதன்மேல் மூடியபடியே கிடக்கிறது, அதற்குமேல் அம்மா துவைத்த துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். தொண்டை வலி திரும்பிவிட்டது என்று அம்மா டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் புண் எல்லாம் ஆறிவிட்டது என்கிறார். நான் தனியாகக் கேட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிலேட்டை எடுத்து எழுதினார்: "வெளியே போட்டுட்டாங்க."

துணியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று சிவப்பாக ஒரு வரி, பக்கத்தில் ஒரு தீவுப் படம், அதன்மேல் பூட்டு. சேரும்போது பெயர் கேட்ட இடத்தில் அப்பா 'விண்ணப்பதாரர்' என்று நிரப்பியிருக்கிறார். அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாராம். மேஜை இழுப்பறையில் கட்டுக் காகிதம் இருக்கிறது. எல்லாவற்றையும் முதலில் தாளில் எழுதி, அடித்துத் திருத்தி, அப்புறம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு தாளும் ஐயா, அம்மையீர் என்று ஆரம்பிக்கிறது.

நீ இந்த மாதிரி இடங்களில் புழங்குகிறவன். என்ன செய்யலாம் என்று சொல். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் கணக்கெடுப்பு நடந்தது, உட்காரக்கூட நேரமில்லை.

அப்பா விஷயம் வருத்தமாக இருக்கிறது. இதுமாதிரி தளங்களில் தடை போடுவது சகஜம்தான், யாரும் யாரையும் குறிவைத்துச் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் யார், எந்த வயது என்றே அங்கே தெரியாது. அதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல். எனக்குத் தெரிந்தவர்கள் மூலமாக விசாரிக்கிறேன்.

அவர் அதில் அப்படி எதுவும் மனதை விட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது விளையாட்டு வேண்டுமானால் சொல், நல்லதாக நான்கு எழுதி அனுப்புகிறேன். முன்பு நான் எழுதிய கடிதத்தை எங்கே வைத்திருக்கிறாய்?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு லேசாக முட்டிவலி, மற்றபடி குறைவில்லை. உன் பழைய கடிதம் என் லேபில், அலமாரியில், பல் அச்சுகளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

வேறு விளையாட்டு வேண்டாமாம், கேட்டேன். விளையாட்டு அவருக்கு இரண்டாம் பட்சம். நீ கவனித்திருக்க மாட்டாய், சின்னப் பையனாக இருந்தாய். அவர் குடிநீர் வாரிய ஆபீஸில் புகார்ப் பிரிவில் இருந்தார் என்பதுதான் உனக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பதில் போடுவதுதான் அவர் வேலை. தண்ணீர் வருகிறதோ இல்லையோ, பதில் போய்விட வேண்டும். எல்லாவற்றிலும் பழைய மனுவை முதலில் எடுக்க வேண்டும், புதிதாக வந்தவன் சத்தம் போடுகிறான் என்று அவனை முன்னால் விடக்கூடாது. அந்த வழக்கத்தில்தான் அங்கேயும் பதில் போடாத கேள்விகளைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "இத்தனை பேரு கேட்டுட்டு நின்னிருக்காங்க, ஒருத்தரும் கண்டுக்கல" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

அங்கே அவர் எழுதும்போது எதிரில் இருப்பவர்களும் எழுதத்தான் செய்தார்கள். யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை, யாரும் அவருக்காக முந்திக்கொண்டு பேசவில்லை. எல்லாரையும்போல அவரும் ஒரு ஆள். அம்மாவும் நானும் சேர்ந்தாலும் இந்த வீட்டில் அதை அவருக்குக் கொடுக்க முடியவில்லை.

இப்போது தினம் ஒரு மனு எழுதுகிறார், தடையை மறுபரிசீலனை செய்யும்படி. ஒன்றுக்கும் பதில் இல்லை. நேற்று எழுதியதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். பிழை இல்லை என்றேன். பிறகு ஏன் பதில் வரவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

விசாரித்தாயா?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே. அம்மாவின் முட்டிக்கு மருந்து பார்த்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

நல்ல செய்தி. தெரிந்த ஒருவரிடம் சொல்லி வைத்தேன், அவர் யாரையோ பிடித்துத் தடையை எடுக்கச் செய்துவிட்டார். அப்பா இன்றைக்கே உள்ளே போகலாம். தீவும் திறந்திருக்கும், அவர் எழுதியதெல்லாம் பழையபடி இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது, உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பழைய கேள்விகளை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்.

யார் மூலம் நடந்தது என்றெல்லாம் அப்பாவிடம் விவரம் சொல்ல வேண்டாம். மனு ஏற்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டால் அவருக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

அந்தப் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடேன், ஏதோ உளறியிருப்பேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

சௌக்கியம் எல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் வந்த அன்று அப்பாவிடம் மனு ஏற்கப்பட்டது என்று நீ சொன்னபடியே சொன்னேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார், தன் தீவைக் காட்ட வேண்டும் என்று.

உள்ளே போனதும் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, அவர் பெயரில் ஓர் இழை இருந்தது, பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த நீளமான பக்கம். அவர் எழுதிய எல்லாப் பதிவும், ஒவ்வொன்றுக்கும் கீழே நீங்கள் ஐந்து பேர் பேசியதும் அப்படியே இருந்தது. நீ பின்கட்டிலிருந்து அவர் பதிவுகளை முன்பக்கத்துக்கு ஒட்டுமொத்தமாக நகர்த்தியிருக்கிறாய். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த உங்கள் பேச்சும் கூடவே வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்து அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை போல. அதற்குள் ஊரே படித்துவிட்டது.

அப்பா முழுவதையும் படித்தார். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து திரை சரியாகத் தெரியவில்லை, "என்ன எழுதியிருக்கு, உங்களப் பாராட்டியிருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தலையாட்டினார்.

எச்சரிக்கைக்கு அவர் எழுதிய பதிலில், ஆபரேஷனால் தனக்குப் பேச்சு இல்லை, எழுதுவது ஒன்றுதான் வழி, அதனால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே சுத்தியல் எழுதியது: "வாய் போனவர் விரலுக்காவது ஓய்வு கொடுக்கக் கூடாதா." கீழே நான்கு பேர் சிரித்திருக்கிறார்கள்.

சுத்தியல் யார் என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு உன் ஜனவரிக் கடிதத்திலிருந்தே தெரியும். ஐயா, அம்மையீர் என்று படித்தபோதே தெரியும். நீயாகச் சொல்வாய் என்று இரண்டு கடிதமாகக் காத்திருந்தேன். நீ கிழித்துப் போடச் சொன்னாய்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போனும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது இருந்தால் ஒரு வரி எழுது, அது மட்டுமாவது தெரியட்டும். கோபம் இருக்கிறது என்பதற்காக நீ சாப்பிட்டாயா என்று நான் நினைக்காமல் இல்லை.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் வாயால், இல்லை உன் கையால், நீதான் சொல்ல வேண்டும். அவர் இப்போது எதையும் எழுதுவதில்லை. இழுப்பறையில் இருந்த தாளையெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார்.

அம்மா உன் மருந்தைத் தடவிக்கொள்கிறாள். "என் புள்ளை அனுப்பினது" என்று பக்கத்து வீட்டில் காட்டியாகிவிட்டது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் எழுதிக்கொள்வது. உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுத்தியல் நான்தான்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உங்களுக்குத் தடை போட்டது நான். ஐயா அம்மையீர் என்று பட்டம் வைத்தது நான். உங்கள் குரலைப் பற்றி எழுதியதும் நான்தான், வேறு யாரோ என் பெயரில் எழுதிவிட்டார்கள் என்று சொல்ல எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தேன். தடையை எடுத்ததும் நானே, தெரிந்தவர் ஒருவர் என்று அக்காவுக்கு எழுதியது பொய்.

நீங்கள் என்று தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டேன் அப்பா. உங்கள் எழுத்தை நான் பார்த்ததே இல்லையே, எப்படித் தெரியும். நீங்கள் என்று தெரிந்திருந்தால் உங்கள் தீவுக்கு நானே வந்து பாலம் கட்டிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆபரேஷனால் பேச்சு இல்லை என்ற வரியைப் படித்தபோது ஒரு நொடி உங்கள் ஞாபகம் வந்தது. அப்பாவுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் எங்கே தெரியும் என்று தள்ளிவிட்டேன். தள்ளாவிட்டால் சிரிப்பதை நிறுத்த வேண்டியிருக்கும், மற்ற நான்கு பேரும் என் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். பகல் முழுக்கக் கவுண்டரில் நான் யார் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அங்கே ஒருவராவது நான் சொல்வதைக் கேட்டுச் சிரித்தால் போதும் என்று இருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் என்று தெரிந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு எழுதப் பிடிக்கவில்லை என்றால் அக்காவிடமாவது சிலேட்டில் ஒரு வார்த்தை எழுதிக் காட்டுங்கள்.

உங்கள் மகன்


ஜூலை 5

அன்புள்ள மகனுக்கு,

பொருள்: உன் மன்னிப்புக் கடிதம்.
பார்வை: உன் ஜூன் 20ஆம் தேதியிட்ட கடிதம்.

நான் இப்படித்தான் எழுதுவேன், சிரிப்பதென்றால் சிரித்துக்கொள். உடம்பு பரவாயில்லை. சாப்பிடும்போது மட்டும் நிதானம் வேண்டியிருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே செய்கிற வேலை, கால் வீங்கும்.

முதலில் என் பக்கம். அந்தத் தளத்தின் விதிகளை இப்போதுதான் முழுசாகப் படித்தேன், முன்பே படித்திருக்க வேண்டும். பழைய கேள்விகளைக் கிளறக் கூடாது என்பது சரியான விதி. நான் செய்தது பத்துப் பேருக்கு இடைஞ்சல். எச்சரித்தீர்கள், நான் கேட்கவில்லை, தடை போட்டீர்கள். இதில் உன்மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சிரித்தது வேறு. நான் வேலை பார்த்த இடத்திலும் தப்பும் தவறுமாக எழுதுகிறவர்கள் உண்டு. பக்கத்து மேஜைக்காரர்கள் படித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அந்த நேரம் எனக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று தோன்றும், எழுந்து போய்விடுவேன்.

உன் கடிதத்தில் 'நீங்கள் என்று தெரிந்திருந்தால்' என்று மூன்று இடத்தில் வருகிறது. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இல்லாமல் வேறு ஒரு வாய் போனவன் என்றால் சரியா? அந்த இழையில் என்னைப் பற்றி மட்டும் இல்லை. ஒருவரை அழுமூஞ்சி என்கிறீர்கள். இன்னொருவருக்குத் திக்குவாய் என்று பெயர். ஒரு பெண்ணின் எழுத்துப்பிழையை வைத்து ஒரு பக்கம் ஓட்டியிருக்கிறீர்கள். அவர்கள் பெற்ற பிள்ளை யாரும் உங்கள் பின்கட்டில் இல்லை. அதனால் அவர்களுக்குக் கடிதம் வரவில்லை, எனக்கு மட்டும் வந்திருக்கிறது. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அங்கே இனி போக மாட்டேன். கோபம் இல்லை. கூச்சமாக இருக்கிறது. முன்பெல்லாம் எழுதும்போது எதிரில் இருப்பவர்கள் படித்துத் தலையாட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த நினைப்பு வரமாட்டேன் என்கிறது. அக்காவுக்குச் சாமான் பட்டியல் எழுதினால்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன், எதற்காவது சிரிப்பாளோ என்று.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டாம். உன் மருந்து அவளுக்குக் கேட்கிறது.

இப்படிக்கு,
அப்பா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கால் வீக்கம் உண்மைதான், சாயங்காலம் வந்ததும் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன். நீங்கள் நிதானமாகச் சாப்பிடுங்கள், அம்மா அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே முன்பக்கத்தில், எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதினேன். பின்கட்டில் பேசியதில் பெரும்பாதி என் கைங்கரியம் என்று சொன்னேன். நீங்கள் என் அப்பா என்பதை எழுதவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதை எழுதுவது ஏதோ சலுகை கேட்பதுபோல இருந்தது. பதவியை விட்டுவிடுகிறேன் என்றும் அதிலேயே போட்டேன். போட்டதும் நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. பெரிய மானஸ்தன் வேலை செய்துவிட்டதாக ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாங்கள் சிரித்தவர்களைத் தேடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பெரும்பாலும் பதில் இல்லை. ஒருவர் கெட்ட வார்த்தையில் ஒரே வரி எழுதினார், அது நியாயம்தான். எழுத்துப்பிழையை வைத்து ஓட்டினோமே அந்தப் பெண், "எந்தப் பிழை?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவருக்கு விஷயமே தெரியாது. நான் எழுதப் போய்த்தான் தெரிந்தது.

அழுமூஞ்சி என்று நாங்கள் சொன்னவர் பதில் போட்டார். "உன் மன்னிப்பு இருக்கட்டும். என் தீவைத் திற. நானும் என் தங்கச்சியும் சேர்ந்து கட்டினது, அவ கல்யாணமாகிப் போயிட்டா, அதையாவது பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று எழுதியிருந்தார். தடை போட்டபோது அவர் கெஞ்சியதைத்தான் நாங்கள் அழுகை என்று கிண்டல் செய்தோம்.

தீவைத் திறக்க என்னிடம் இப்போது அதிகாரம் இல்லை. பதவியோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். முதலில் பூட்டியதையெல்லாம் திறந்துவிட்டு அப்புறம் போயிருக்க வேண்டும். எனக்கு என் வெட்கம் பெரிதாக இருந்தது, யார் யார் வெளியே நிற்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. இனி நானும் மற்ற உறுப்பினர்களைப்போல மட்டுறுத்துனர்களுக்கு மனுப் போட வேண்டும். மூன்று போட்டுவிட்டேன். பதில் இல்லை.

நான்காவது மனுவை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே குறைகிறது, எதை முதலில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் திருத்திக் கொடுத்தால் அனுப்புகிறேன். உங்களுக்கு மனமில்லை என்றால் அப்படியே திருப்பி அனுப்புங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இது போனதும் பின்கட்டுக்கு இழுத்துப் போடுவார்கள். யார் முதலில் ஆரம்பிப்பார், எந்த வரிக்கு யார் சிரிப்பார், எனக்கு என்ன பட்டம் வைப்பார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும் அப்பா. அப்படிச் சிரிக்க அவர்களைப் பழக்கிவிட்டதே நான்தான். நான் தெரிந்துதான் அனுப்புகிறேன். நீங்கள் ஒன்றும் தெரியாமல் தினம் ஒரு மனு அனுப்பினீர்கள்.

உங்கள் மகன்